வெள்ளைத் தாளில் அம்மாவின் ஒப்பு

போன மாதம் குடும்பக் கோயில் கூட்டத்தில் நம் தலைவர் எழுந்து, "திருப்பணி விஷயத்தில் எனக்குக் கார்ட் பிளாஞ்ச் கொடுத்துவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நீங்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கினீர்கள். எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. வாதம் பிடித்து, தலை சீவவே உயராத கைகள்கூட அன்றைக்கு உயர்ந்தன. நான் எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. "அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு, மோர் கொண்டா" என்று யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அந்த மோரை நான் குடிக்கவில்லை.

எனக்கு ரத்தக் கொதிப்பு கிடையாது. எனக்கு இருப்பது கோபம். அறுபது வருடத்துக்கு மேலாக அதைக் கெட்டுப்போகாமல் வைத்திருக்கிறேன். நீங்கள் கைதட்டிக் கொடுத்த அந்தச் சொல்லின் அர்த்தம் உங்களில் ஒருவருக்கும் தெரியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

மகாராஜா ஆட்சிக் காலத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட நம் ஊரில், அந்தச் சொல்லைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருவர் என் பெரிய மாமா. கோயில் மண்டபத்தில் படம் மாட்டி மாலை போட்டு வைத்திருக்கிறீர்களே, அவர்தான். மற்றவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த வெள்ளைக்காரி. அவரை நாங்கள் மிஸ்ஸியம்மா என்போம்.

மாமா தாலுகா கச்சேரியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பா வைசூரியில் இறந்து, பதினாறு கழிந்து, வீட்டில் சாணம் தெளித்துச் சுத்தப்படுத்திய பிறகு, ஒரு தகரப் பெட்டியும் குடையுமாக வந்து இறங்கினார். தங்கை விதவை, இரண்டு பெண் பிள்ளைகள், பார்த்துக்கொள்ள ஆண் துணை வேண்டும் என்றார்கள். துணை வந்தது. அப்பா சாய்ந்து படிக்கும் சாய்வு நாற்காலியில் அன்று மத்தியானமே அது உட்கார்ந்தது.

மாமாவின் பெட்டிக்குள் எப்போதும் ஒரு வாசனை இருக்கும். கற்பூரம், பழைய காகிதம், இங்கிலீஷ் மை, மூக்குப்பொடி எல்லாம் கலந்த வாசனை. இன்றைக்கும் எந்த அரசாங்க அலுவலகத்தில் நுழைந்தாலும் எனக்கு அது மூக்கில் ஏறும். பெட்டியின் அடித்தட்டில் சங்கு முத்திரை போட்ட சர்க்கார் தாள்கள் அடுக்கியிருக்கும். மாதப் பிறப்பன்று காலையில் அதிலிருந்து நான்கு தாளை எடுப்பார். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி போடுவார். அம்மா குளித்து, திருநீறு பூசி, பலகை போட்டு உட்கார்ந்து, அந்தக் குறியின் மேல் தன் ஒப்பைப் போடுவாள். ஒப்பு என்றால் எங்கள் பக்கத்தில் கையெழுத்து. மேலே ஒரு எழுத்தும் இருக்காது. தாள் வெறும் வெள்ளையாக இருக்கும்.

இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் நம் வீடுகள் பலவற்றில் இதுதான் வழக்கம். மானமுள்ள வீட்டுப் பெண் கச்சேரிப் படி ஏறக்கூடாது, அதனால் அவள் ஒப்பு மட்டும் முன்னாலேயே போய்விடும். வேலி தகராறு, வரி விண்ணப்பம், குத்தகை என்று ஏதாவது வந்தால் வீட்டுக்கார ஆண் மேலே வேண்டியதை எழுதிக்கொள்வார். எழுத்தறியாத பெண்கள் கைநாட்டு வைத்தால் அதை வாசித்துக் காட்டி, இரண்டு பேர் சாட்சி போட வேண்டும். அம்மாவுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அவளுக்கு எழுதத் தெரியும். அதில் அவளுக்குப் பெருமை. கடைசி எழுத்தின் வாலை நீட்டி, சுழித்து, கீழே ஒரு புள்ளி வைப்பாள். கைநாட்டுக்காரியாக இருந்திருந்தால் யாராவது அவளுக்கு வாசித்தாவது காட்டியிருப்பார்கள்.

"பிள்ளே, இதுக்குப் பேரு என்னவாக்கும் தெரியுமா?" என்று மாமா ஒரு நாள் என்னைக் கேட்டார். மை காய்வதற்காகத் தாளை ஊதிக்கொண்டிருந்தார். "கார்ட் பிளாஞ்ச். பிரெஞ்சுக்காரனுக்க சொல்லு. வெள்ளைக்காரன் அத அப்பிடியே எடுத்து வச்சுக்கிட்டான். கார்ட்டுன்னா காகிதம், பிளாஞ்சுன்னா வெள்ளை. ஒருத்தர் மேல முழு நம்பிக்கை உண்டும்னா, ஒப்புப் போட்ட வெள்ளைக் காகிதத்தக் கையில கொடுத்திரணும். உனக்க அம்மைக்கு எனக்க மேல உள்ள விசுவாசமாக்கும் இது."

அம்மா தலையைக் குனிந்து சிரித்தாள். பிரெஞ்சில் ஒரு பெயர் வைத்துக் கொடுத்ததும் அவளுக்குத் தன் ஒப்பு இன்னும் அழகாகிவிட்டதாகத் தோன்றியிருக்கும்.

மிஸ்ஸியம்மாவிடம் நான் போய்ப் பீற்றினேன். அவர் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அவருடைய தமிழ் வேதப் புத்தகத் தமிழ். "அது இப்பொழுது உள்ள அர்த்தம், சிறு பெண்ணே. ஒருவன் தன் இஷ்டப்படி நடக்க மற்றொருவன் அனுமதி கொடுப்பது. ஆனாலும் பூர்வத்தில் அது யுத்தகாலத்துச் சொல். தோற்றுப்போனவன் தன் பேரை மாத்திரம் எழுதி, வெறுந்தாளை ஜெயித்தவனுக்கு அனுப்புவான். நீ என்ன எழுதினாலும் சம்மதம் என்பான்." பிறகு கேட்டார்: "உன் வீட்டில் இதை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள்?"

நான் சிலேட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். வீட்டுக்கு வந்து மாமாவிடமும் இதைச் சொல்லவில்லை. பயம்தான்.

இனி கருப்பட்டிக்காரியைச் சொல்ல வேண்டும். நம் வீட்டுக்குக் கிழக்கே அம்மா பெயரில் ஒரு விளை இருந்தது. முப்பது பனை, ஒரு பலா, நடுவில் ஒரு ஓலைக் குடிசை. குடிசையில் பனையேறும் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவரை நாங்கள் ஏறுகாரர் என்போம், அவளைக் கருப்பட்டிக்காரி என்போம். வேதத்தில், அதாவது கிறிஸ்து மதத்தில், சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை வெளுத்த சட்டை போட்டுச் சபைக் கோயிலுக்குப் போவார்கள். தையிலிருந்து வைகாசி வரை அந்த விளையிலிருந்து அக்கானி காயும் மணம் வரும். பதநீரை அக்கானி என்றுதான் சொல்வோம். பெரிய வார்ப்பில் அது கொதித்துப் பொங்கி, நிறம் மாறி, குமிழி சுருங்கி, கூப்பதநீர் ஆகும்போது அவள் ஒரு சிரட்டையில் கோரி ஊதி எனக்குத் தருவாள். நாக்கு சுடும். சுட்டாலும் குடிப்பேன்.

அந்தக் குடிசை அங்கே வந்த கதை இதுதான். அப்பாவுக்கு வைசூரி கண்டபோது நம் சொந்தக்காரர் ஒருவரும் படலைத் தாண்டவில்லை. உங்கள் தாய் தகப்பன்மாரைத்தான் சொல்கிறேன். மாமா நெய்யாற்றின்கரையிலேயே இருந்துவிட்டார், ஆள்விட்டு வேப்பிலை அனுப்பினார். கருப்பட்டிக்காரிக்குச் சிறு வயதிலேயே வைசூரி வந்து போயிருந்தது, முகமெல்லாம் தழும்பு. அவள்தான் முற்றத்தில் வந்து நின்று, "எனக்கு இனி வராதும்மா, நான் நிக்கேன்" என்றாள். அப்பாவின் துணியை அவள் துவைத்தாள். அப்பாவைத் தூக்கிப் போகவும் அவள் புருஷன்தான் கை கொடுத்தார். அப்போது அவர்களுக்கு இருக்க இடம் கிடையாது, ஆரியங்கோட்டுப் பக்கம் ஏதோ ஒரு புறம்போக்கில் ஒண்டியிருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அம்மா அவளைப் புறவாசலில் நிறுத்திச் சொன்னாள். நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கிழக்கு விளையில குடிசை கெட்டி இருந்துக்கோ. நான் இருக்க காலம் உன்ன ஆரும் அங்கெருந்து எறக்க மாட்டாவ. இது எனக்க வாக்கு."

வாக்குதான். தாளில் இல்லை.

எனக்குப் பதினொரு வயது நடந்த வருடம் மாசியில் ஒரு நாள், மாமா வயல் வரப்பில் குடை பிடித்து வந்துகொண்டிருந்தார். எதிரே கருப்பட்டிக்காரி தலையில் விறகுச் சுமையோடு வந்தாள். ஒற்றையடி வரப்பு, இருபக்கமும் நடவு முடிந்த சேறு. நானும் வேலைக்காரர்கள் நாலைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எட்டீ, எறங்கி நில்லு" என்றார் மாமா.

"சொமையோட சேத்துல எறங்குனா விழுந்து போவேன் ஏமானே. குடையோட நீங்க கொஞ்சம் ஒதுங்கினா நான் போயிருவேன்."

"ஆரு கிட்டப் பேசுதேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் ஏமானே. வழி எல்லாருக்கும் உள்ளதாக்கும்."

வேலைக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். மாமா சேற்றில் ஒரு காலை வைத்து ஒதுங்கி நின்றார். அவள் போனாள். வீட்டுக்கு வந்து காலைக் கழுவினார், கழுவினார், ஒரு குடம் தண்ணீர் தீரும் வரை கழுவினார்.

நான்கு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்துக்குத்தான் முதல் பரிசு. கச்சேரி பாஷையான மலையாளமும் எனக்கு எழுத வரும். "எனக்குக் கண்ணு பிடிக்கல மக்கா, சொல்லுதேன், நீ எழுது" என்று அம்மாவின் ஒப்புப் போட்ட தாள் ஒன்றை என் முன்னால் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எல்லாம் பெரிய பெரிய சமஸ்கிருதச் சொற்கள். சர்வே நம்பர் இன்னதில், இன்ன ஞானஸ்நானப் பெயருடைய ஆள், உடமைக்காரியாகிய என் சம்மதமோ அறிவோ இல்லாமல், அதிக்கிரமித்துப் புரை, அதாவது வீடு, கட்டியிருக்கிறான், ஒழிப்பித்துத் தர வேண்டும் என்று வரும். ஏறுகாரருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது. கிழக்கு விளைக்குச் சர்வே நம்பர் உண்டு என்பதும் தெரியாது. ஒரு பிழை இல்லாமல் எழுதி முடித்தேன். மாமா கல்கண்டு தந்தார். நான் தின்றேன். அதைச் சொல்லாமல் இருந்தால் நானும் உங்களில் ஒருத்திதான்.

பங்குனியில் பார்வத்தியக்காரர் வந்தார். வரி வசூலிக்கும் ஊர் அதிகாரி அவர்தான், தாசில்தார் அனுப்பி விசாரிக்க வந்திருந்தார். பலாமரத்து நிழலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார் மாமா. ஏறுகாரர் தலைத்துண்டைக் கக்கத்தில் வைத்துக் கூனி நின்றார். கருப்பட்டிக்காரி கூனவில்லை. அம்மாவும் நானும் எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் நின்றோம். மனுவை வாசித்ததும்தான் எனக்கு விளங்கியது, நான் எழுதியது என்ன என்று.

"பச்சப் பொய்யாக்கும் இது" என்றாள் கருப்பட்டிக்காரி. "அம்மா வாக்குத் தந்துதான் நாங்க இருக்கோம். கூப்பிட்டுக் கேளுங்க. அம்மா பொய் சொல்ல மாட்டாவ."

பார்வத்தியக்காரர் எழுந்து வாசலுக்கு வந்து, கதவிடுக்கு வழியாகத் தாளை நீட்டினார். "இது நிங்ஙடெ ஒப்பு தன்னெயோ?"

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். மேலே என் எழுத்து. கீழே அவள் ஒப்பு, வாலும் சுழியும் புள்ளியும். என்னைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். அவர் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் பொய் மனு போட்டான் என்று சொன்னால் அவன் ஜெயிலுக்குப் போவான், பென்ஷன் போகும், இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு ஊர் முகத்தில் விழிக்க முடியாது. இதெல்லாம் அவள் மனதில் ஓடியிருக்கும். இன்றைக்கு எனக்கு அது புரிகிறது. புரிந்தும் மன்னிக்க வரவில்லை.

"எனக்க ஒப்புதான்" என்றாள் அம்மா.

அந்த வாக்கியத்துக்கு இன்னொரு பாதி உண்டு. ஒப்பு என்னுடையது, எழுதியிருப்பது என்னுடையதல்ல. அந்தப் பாதிக்காகக் கருப்பட்டிக்காரி கதவைப் பார்த்தபடியே நின்றாள். பார்வத்தியக்காரரும் கொஞ்ச நேரம் நின்றார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் குடிசையைப் பிரித்தார்கள். ஓலையை இழுத்துப் போட்டு, அடுப்பை மிதித்து உடைத்து, கொதித்துக்கொண்டிருந்த அக்கானியை மண்ணில் சாய்த்தார்கள். அந்தப் பக்கம் முழுக்க நாலு நாள் எறும்பு. அவர்கள் ரோட்டோரச் சபைக் கொட்டகையில் போய் ஒதுங்கினார்கள்.

மிஸ்ஸியம்மா சொன்னதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, தோற்றவன் அனுப்புகிற தாள். ஆனால் பதினொரு வயது மூளைக்கு இன்னொன்றும் எட்டியது. வெள்ளைத் தாளுக்கு யார் கை என்று தெரியாது. மாமா எழுதினாலும் அது அம்மாவின் மனு, நான் எழுதினாலும் அது அம்மாவின் மனு.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா குறட்டை விட்டுத் தூங்குவார். பெட்டிச் சாவி பூணூலில் இல்லை, அவருக்குப் பூணூல் கிடையாது, இடுப்புக் கயிற்றில் கட்டியிருப்பார். அன்று வெக்கைக்குக் கயிற்றைத் தளர்த்தி விட்டிருந்தார். சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து ஒரு தாளை உருவினேன். அவர் எனக்குச் சொல்லித் தந்த அதே பெரிய சொற்களைப் போட்டே எழுதினேன். சர்வே நம்பர் இன்னதில், இன்ன பெயருடைய ஆளை, உடமைக்காரியாகிய நானே பூரண சம்மதத்தோடு குடியிருத்தினேன், முந்தைய மனுவை இதனால் பின்வலிக்கிறேன். மிஸ்ஸியம்மாவிடம் கொடுத்து அஞ்சலில் தாசில்தாருக்கு அனுப்பச் சொன்னேன். அவர் ஒப்பைப் பார்த்துவிட்டு, "உன் தாயார் நீதியுள்ள ஸ்திரீ" என்றார். நான் திருத்தவில்லை.

சித்திரையில் பார்வத்தியக்காரர் மறுபடி வந்தார். இரண்டு மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மாமாவின் முகம் சாம்பல் பூத்துவிட்டது.

"இது கள்ளம்" என்றார் மாமா. "ரெண்டாமத்தது என் தங்கை எழுதினதில்ல."

"அப்படியா பிள்ளைவாள்? ரண்டிலும் ஒரே கையெழுத்தாணல்லோ. ஒப்பும் ஒண்ணு, எழுத்தும் ஒண்ணு. ரண்டாமத்தது கள்ளமெங்கில் ஒண்ணாமத்தது எந்தாணு?"

மாமா வாயைத் திறந்தார். என்ன சொல்ல முடியும்? பெட்டிக்குள் ஒப்புப் போட்ட வெறுந்தாள் அடுக்கி வைத்திருக்கிறேன், அதில் ஒன்றை இந்தச் சிறுக்கி திருடிவிட்டாள் என்றா? வாயை மூடிக்கொண்டார். பார்வத்தியக்காரர் கச்சேரி ஆள்தான், அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதைக் காட்டிக்கொள்ளாமல் கதவிடுக்கில் தாளை நீட்டினார்.

அம்மா அதை வெகு நேரம் வாசித்தாள். என் எழுத்து, அவள் ஒப்பு.

"எனக்க ஒப்புதான்" என்றாள். போன முறை சொன்ன அதே வார்த்தைகள், அதே குரல். ஒரு சொல் கூடச் சேர்க்கவில்லை.

மாமா என்னை அடிக்கவில்லை. அடித்தால் ஊர் கேட்கும். "நாளை முதல் பள்ளிக்கூடம் போகண்டாம்" என்றார், அவ்வளவுதான். நான் வயசுக்கு வந்ததால் படிப்பை நிறுத்தினார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அம்மா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

சித்திரை கழிந்து வைகாசி ஒன்றாம் தேதி, தாசில்தார் உத்தரவின் நகல் வந்துவிட்டது என்று தெரிந்ததும் நான் சபைக் கொட்டகைக்கு ஓடினேன். ஏறுகாரர் வார்ப்பைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். பாய், முறம், பாளை அரிவாள் எல்லாம் மூட்டையாகியிருந்தது. மலைப்பக்கம் தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், போகிறார்களாம்.

"போகண்டாம்" என்றேன் மூச்சு வாங்க. "சர்க்கார் உத்தரவு வந்தாச்சு. விளையில நீங்க இருக்கலாம். ஆரும் எறக்க முடியாது. நானாக்கும் எழுதினேன். மொதல்ல எழுதினதும் நான்தான், தெரியாம எழுதிட்டேன். இப்ப மாத்தி எழுதியாச்சு."

கருப்பட்டிக்காரி என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் அல்லது கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. முந்தானையால் என் முகத்து வேர்வையைத் துடைத்தாள், சொந்தமில்லாத பிள்ளையைத் துடைப்பதைப் போல.

"ஒரு காயிதத்துல எறக்கினாவ. ஒரு காயிதத்துல ஏத்துதாவ" என்றாள். "மூணாமத்த காயிதம் இப்ப ஆருக்க கையில இருக்கு மக்களே?"

மூட்டையைத் தலையில் ஏற்றிவிடச் சொன்னாள். ஏற்றிவிட்டேன். கனமாக இருந்தது. அவர்கள் ரோட்டில் ஏறிக் கிழக்கே நடந்தார்கள். நான் கூப்பிடவில்லை. அன்று மாதப் பிறப்பு, காலையில்தான் அம்மா குளித்து, திருநீறு பூசி, பலகையில் உட்கார்ந்து நான்கு தாள்களில் ஒப்பிட்டிருந்தாள்.